சென்னை ஏர்போர்ட்ல இறங்கியாச்சு, ஊருக்குள்ள எப்படி போறது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க வீடு பல்லாவரம் பக்கம். மொட்டை மாடில துணி காயப்போடும்போது தலைக்கு மேலதான் ஃப்ளைட் இறங்கும். அதனாலயோ என்னவோ சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க, அவங்களுக்கு தெரிஞ்சவங்கன்னு யார் சென்னைக்கு ஃப்ளைட்ல வந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். "மெட்ரோ எங்க இருக்கு, டாக்ஸி எவ்வளவு கேப்பான், ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன பண்றது" இதே கேள்விதான் திரும்ப திரும்ப. பதிலை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன், யாருக்கு வேணும்னாலும் அனுப்பி விடுங்க.

மெட்ரோ, கேப், லோக்கல் ட்ரெயின், பஸ்... எதுதான் பெஸ்ட்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில சொல்ல முடியாது. நான் திருப்பி மூணு கேள்வி கேப்பேன். வெளிய வரும்போது மணி என்ன? கையில எத்தனை பெட்டி? கூட யாரு வர்றாங்க? இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா வண்டி தானா முடிவாயிடும்.

ஆனா ஒரு விஷயம் மட்டும் எல்லாருக்கும் சொல்றேன். ஏர்போர்ட் வாசல்லயே ஏறி வீட்டு வாசல்லதான் இறங்கணும்னு பிடிவாதம் வேண்டாம். நிறைய பேர் காசும் நேரமும் விடுறது அங்கதான். ஏர்போர்ட்லேர்ந்து கிண்டி பக்கம் இருக்கிற கத்திப்பாரா மேம்பாலம் தாண்டுற வரைக்கும்தான் ஜிஎஸ்டி ரோடு (ஏர்போர்ட் முன்னாடி போற மெயின் ரோடு) படுத்தி எடுக்கும், அந்த தூரத்தை மெட்ரோல தாண்டிட்டு கிண்டியிலயோ ஆலந்தூர்லயோ சைதாப்பேட்டையிலயோ இறங்கி ஆட்டோ பிடிங்க, பாதி காசுல முடியும், சாயங்காலமா இருந்தா சீக்கிரமும் போயிடுவீங்க.

மெட்ரோ ஸ்டேஷன் ஏர்போர்ட் உள்ளயே இருக்கா?

ஆமா, வளாகத்துக்குள்ளயே இருக்கு. 2016 செப்டம்பர்ல திறந்தாங்க. டெர்மினல்லேர்ந்து மேல ஒரு நடைபாதை வழியா ரோட்டை தொடாமலே போயிடலாம், லிஃப்ட் எஸ்கலேட்டர் எல்லாம் இருக்கு. வெளிய வந்ததும் மெட்ரோன்னு போர்டு போட்டிருக்கும், அதை மட்டும் விடாம பிடிச்சுட்டு நடங்க.

எந்த டெர்மினல்ல இறங்குறீங்கன்றதை பொறுத்து நடை கூடும் குறையும். வெளிநாட்டு ஃப்ளைட் இப்ப டி2, அதாவது 2023 ஏப்ரல்ல திறந்த புது கட்டடம். உள்நாட்டு ஃப்ளைட் டி1லயும் வரும், டி4லயும் வரும். டி4ல இறங்குறவங்களுக்குத்தான் நடை ஜாஸ்தி. பேட்டரி வண்டி ஓடுது, பெரியவங்க கூட இருந்தா கூச்சப்படாம கேட்டு ஏறிக்கோங்க.

மெட்ரோ டிக்கெட் எவ்வளவு? எப்படி எடுக்கணும்?

சென்ட்ரல் வரைக்கும் 40 ரூபாய். எவ்வளவு தூரம் போனாலும் அதிகபட்சம் 50 ரூபாய்தான் (2021ல குறைச்சாங்க, அதுக்கு முன்னாடி 70 இருந்துச்சு). கவுன்டர்ல காசு குடுத்து வாங்கலாம், இல்லன்னா போன்ல க்யூஆர் டிக்கெட் எடுத்தா 20 சதவீதம் தள்ளுபடி. வாட்ஸ்அப்லயே மெட்ரோ டிக்கெட் எடுக்க முடியும், பெட்டி வர்றதுக்காக பெல்ட் பக்கத்துல நிக்கிற நேரத்துல எடுத்து வச்சுக்கோங்க, கவுன்டர் வரிசை மிச்சம். ஞாயித்துக்கிழமையும் அரசு விடுமுறை நாளும் பாதி டிக்கெட்.

அடிக்கடி வர்றவங்க மெட்ரோவுக்கு சிங்கார சென்னை கார்டு ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. அதே கார்டு எம்டிசி பஸ்லயும் (சென்னை மாநகர பஸ்) செல்லும்.

ஆலந்தூர்ல வண்டி மாறணும்னு சொல்றாங்களே, குழப்பமா இருக்குமா?

முதல் தடவை கொஞ்சம் குழம்பும், அப்புறம் பழகிடும். ரெண்டு லைன் இருக்கு. நீல லைன் ஏர்போர்ட்ல கிளம்பி கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, எல்ஐசின்னு அண்ணா சாலை கூடவே போய் சென்ட்ரல், ஹைகோர்ட், வண்ணாரப்பேட்டை, விம்கோ நகர் வரைக்கும் போகும். பச்சை லைன் பரங்கிமலையில கிளம்பி ஆலந்தூர், அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர், எக்மோர்னு சுத்தி அதுவும் சென்ட்ரல்தான் வரும். ரெண்டும் சந்திக்கிற இடம் ஒண்ணு ஆலந்தூர், இன்னொண்ணு சென்ட்ரல்.

உங்க இடம் நீல லைன்ல இருந்தா மாறவே வேண்டாம். வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர்னா ஆலந்தூர்ல இறங்கி பச்சைக்கு மாறணும், அதே டிக்கெட்தான், வெளிய வர வேண்டியதில்ல. கோயம்பேடு வழியா நேரடியா போற வண்டியும் நடுவுல வரும், அதனால ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்ஃபாரம் போர்டை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. சென்ட்ரல் போறவங்க கோயம்பேடு வண்டியில ஏறிட்டா பயப்பட ஒண்ணும் இல்ல, அதுவும் சென்ட்ரல்தான் போகும், என்ன, சுத்திட்டு போகும். நீல லைன்ல சென்ட்ரலுக்கு முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிடலாம்.

நான் போற ஏரியாவுக்கு எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?

இதுதான் அதிகம் வர்ற கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

அடையாறு, திருவான்மியூர்னா சின்னமலை இல்லன்னா கிண்டி, அங்கிருந்து ஆட்டோ. மயிலாப்பூர்னா நந்தனம் இல்லன்னா தேனாம்பேட்டை. திருவல்லிக்கேணில மேன்ஷன்ல தங்குறவங்க அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்குங்க, வாலாஜா ரோடு பக்கம் ஆட்டோ சுலபமா கிடைக்கும். பாரிமுனை, பர்மா பஜார் பக்கம் வேலைன்னா ஹைகோர்ட் இல்லன்னா மண்ணடி. கிரீம்ஸ் ரோடு ஆஸ்பத்திரிக்கு ஆயிரம் விளக்கு. ராஜீவ் காந்தி அரசு ஆஸ்பத்திரின்னா சென்ட்ரல், ரோட்டுக்கு எதிர்லயேதான். நுங்கம்பாக்கம் கண் ஆஸ்பத்திரி பக்கம்னா டிஎம்எஸ்ல இறங்கி ஆட்டோ. அண்ணா நகர்காரங்களுக்கு கிழக்கு, டவர், திருமங்கலம்னு மூணு ஸ்டேஷன் இருக்கு, வீடு எந்த பக்கம்னு முன்னாடியே வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு வச்சுக்கோங்க, இல்லன்னா ஒரு ஸ்டேஷன் தாண்டி இறங்கி வெயில்ல பெட்டியை இழுத்துட்டு நடக்கணும்.

டி.நகர்தான் கொஞ்சம் இக்கட்டு. நீல லைன்ல எந்த ஸ்டேஷனும் ரங்கநாதன் தெருவுக்கு பக்கத்துல இல்ல. மெட்ரோல போனா சைதாப்பேட்டை இல்ல நந்தனத்துல இறங்கி ஆட்டோ. பெட்டி குறைவா இருந்தா நான் லோக்கல் ட்ரெயின்ல மாம்பலம்தான் போகச் சொல்லுவேன், ஸ்டேஷன்லேர்ந்து டி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் 2023ல ஆகாய நடைபாதை ஒண்ணு கட்டியிருக்காங்க, ரங்கநாதன் தெரு கூட்டத்துல இடிபடாம மேலயே நடந்து போயிடலாம்.

வேளச்சேரி, ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) போறவங்களுக்கு மெட்ரோ அவ்வளவா உதவாது. கேப் போட்டுடுங்க, பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோடு வழியா போனா துரைப்பாக்கத்துல நேரா ஓஎம்ஆர் ஏறிடலாம். டிரைவர் கிண்டி பக்கமா திருப்பினா ஏன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

திரிசூலம் ஸ்டேஷன்னு ஒண்ணு எதிர்லயே இருக்காமே? அது எப்படி?

இருக்கு, ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்த பக்கம். சுரங்கப்பாதை வழியா போகலாம், தயவு செஞ்சு ரோட்டை குறுக்க கடக்காதீங்க. பீச், தாம்பரம், செங்கல்பட்டு லைன் அது. கிண்டி, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், எக்மோர், பார்க், கோட்டை, பீச்னு நகரத்தோட நடு வழியா ஓடும். டிக்கெட் அஞ்சு ரூபாய், பத்து ரூபாய்தான். பெண்களுக்கு இலவசமா இருக்கிற பஸ்ஸை விட்டா, ஊருக்குள்ள போக இதைவிட குறைஞ்ச செலவுல வேற வழி இல்ல. 2025 ஏப்ரல்ல இந்த லைன்ல ஏசி லோக்கலும் விட்டாங்க, திரிசூலத்துல நிக்கும், டிக்கெட் 35 ரூபாய்லேர்ந்து ஆரம்பிக்கும், ஆனா ஒரு நாளைக்கு சில வண்டிதான், அதுக்காக காத்து நிக்காதீங்க.

நான் தனியா தோள்ல ஒரு பையோட வந்தா கண்ணை மூடிட்டு திரிசூலம்தான். ஆனா என் சித்தி துபாய்லேர்ந்து வந்தப்ப அவங்களையும் இதுல கூட்டிட்டு போனேன், அது நான் பண்ணின தப்பு. ரெண்டு பெரிய சூட்கேஸ், கம்பளி வச்சு கயிறு கட்டின ஒரு அட்டைப்பெட்டி. சுரங்கப்பாதை படியில ஒவ்வொண்ணா இறக்கி, திரும்ப ஏத்தி, பிளாட்ஃபாரத்துக்கு வர்றதுக்குள்ள சித்திக்கு மூச்சு வாங்கிடுச்சு. வண்டி அரை நிமிஷம்தான் நிக்கும். நான் சூட்கேஸை உள்ள தள்ளிட்டு திரும்பி பாக்குறேன், அட்டைப்பெட்டியோட சித்தி கீழயே நிக்கிறாங்க, உள்ள இருந்த ஒரு தம்பி எட்டி கையை குடுத்து பெட்டியை வாங்கி, அவங்களையும் ஏத்திவிட்டான். ஒரு நொடி தாமதமாயிருந்தா அவங்க பிளாட்ஃபாரத்துல, நான் வண்டியில. அன்னையிலேர்ந்து பெட்டியோட வர்ற யாருக்கும் லோக்கல் ட்ரெயினை சொல்றதில்ல.

இன்னொண்ணு, காலையில எட்டுலேர்ந்து பத்தரை வரைக்கும் பீச் பக்கம் போற வண்டியில நிக்கவே இடம் இருக்காது. அந்த நேரத்துல மெட்ரோதான்.

பெட்டியோட மெட்ரோல போனா ஏதாவது சொல்லுவாங்களா?

சாதாரண சூட்கேஸ், பைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உள்ள போகும்போது ஸ்கேன் மெஷின்ல போடணும், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பெட்டி ஒரு பைன்னா மெட்ரோ நல்லா தாங்கும். ஏர்போர்ட்தான் முதல் ஸ்டேஷன், அதனால உக்கார இடம் கண்டிப்பா கிடைக்கும், அதுவே பெரிய நிம்மதி. குடும்பமா நாலு பேர், அஞ்சாறு பெட்டின்னா மெட்ரோவை மறந்துட்டு பெரிய வண்டியா புக் பண்ணுங்க, தலைக்கு கணக்கு போட்டு பாத்தா அப்படி ஒண்ணும் ஜாஸ்தி வராது.

ஓலா, ஊபர் எங்க வந்து நிக்கும்?

வாசல்ல வராது. முன்னாடி டெர்மினல் எதிர்லயே வந்து ஏத்திட்டு போனாங்க, இப்ப 2022 டிசம்பர்ல திறந்த அடுக்குமாடி கார் பார்க்கிங்குக்குத்தான் நீங்க போகணும். ஆப்ல பிக்அப் பாயின்ட் எந்த மாடி, எந்த தூண்னு காட்டும். அங்க போய் நின்னுட்டு அப்புறமா புக் பண்ணுங்க. நிறைய பேர் பெட்டி வர்றதுக்கு முன்னாடியே புக் பண்ணிட்டு, அப்புறம் டிரைவர் அங்க நிக்க, நீங்க இங்க நிக்க, காத்திருக்கிற காசு ஏற, ரெண்டு பேருக்கும் கோபம்தான் மிச்சம்.

டிரைவர் போன் பண்ணி எக்ஸ்ட்ரா கேக்குறாரு, இல்லன்னா கேன்சல் பண்ணுங்கன்றாரு. என்ன பண்றது?

இது எனக்கே நடந்திருக்கு. ராத்திரி பத்தரை, மழை வேற. புக் பண்ணின உடனே போன் வந்துச்சு, "எங்க சார் டிராப், கேஷா ஆன்லைனா?" ஆன்லைன்னு சொன்னேன், சரின்னு வச்சுட்டாரு. மேப்ல வண்டி அசையவே இல்ல. இருபது நிமிஷம் தூண் பக்கத்துல நின்னேன், நானா கேன்சல் பண்ணினா எனக்குத்தான் காசு பிடிப்பாங்க, அவரு பண்ண மாட்டேங்குறாரு. கடைசியில மெட்ரோவுக்கு ஓடி கடைசி வண்டியை பிடிச்சு நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷன்ல இறங்கி ஆட்டோல வீட்டுக்கு வந்தேன்.

அதுக்கப்புறம் நான் வச்சிருக்கிற பழக்கம் இது. அஞ்சு நிமிஷத்துல வண்டி மேப்ல நகரலன்னா கேன்சல், காரணத்துல டிரைவர் வர மறுக்கிறாருன்னு போட்டுடுவேன், பிடிச்ச காசை ஆப்ல புகார் குடுத்து கேப்பேன், பெரும்பாலும் திரும்பி வந்திருக்கு. ரெண்டு ஆப் போன்ல இருக்கட்டும். அதே சமயம் டிரைவர் பக்கமும் ஒண்ணு இருக்கு, ஏர்போர்ட் உள்ள மணிக்கணக்கா வரிசையில நின்னுதான் ஒரு சவாரி கிடைக்குது, அது பல்லாவரத்துக்கோ மீனம்பாக்கத்துக்கோ போற சின்ன சவாரின்னா அவருக்கு அன்னைக்கு பொழைப்பு போச்சு. அதனால பக்கத்துல போறவங்க கேப் புக் பண்ணவே பண்ணாதீங்க, மெட்ரோலயோ லோக்கல் ட்ரெயின்லயோ ஒரு ஸ்டேஷன் போய் ஆட்டோ எடுங்க, உங்களுக்கும் நல்லது அவருக்கும் நல்லது.

ப்ரீபெய்டு டாக்ஸி நம்பலாமா?

நம்பலாம். ஆப்பை விட காசு கூட வரும், ஆனா கவுன்டர்லயே காசு கட்டி ரசீது வாங்கிடுறதால வழியில பேரம் கிடையாது. ராத்திரி நேரம், போன்ல சார்ஜ் இல்ல, பெரியவங்க தனியா வர்றாங்க, இந்த மாதிரி நேரத்துக்கு அதுதான் சரி. ரசீதுல இருக்கிற வண்டி நம்பரும் நீங்க ஏறுற வண்டி நம்பரும் ஒண்ணான்னு மட்டும் பாத்துக்கோங்க.

வெளிய வந்ததும் "டாக்ஸி சார், டாக்ஸி மேடம்"னு கூடவே நடந்து வந்து பெட்டியில கை வைக்கிறவங்க இருப்பாங்க. அவங்களோட மட்டும் போகாதீங்க. வேண்டாம்னு ஒரே தடவை சொல்லிட்டு நிக்காம நடங்க, நின்னு ரேட் கேட்டீங்கன்னா விடவே மாட்டாங்க.

ஆட்டோ கிடைக்குமா?

டெர்மினல் வாசல்ல கிடைக்காது. ஜிஎஸ்டி ரோட்டுக்கு வரணும், திரிசூலம் ஸ்டேஷன் பக்கம் நிக்கும். ஏர்போர்ட் சவாரின்னு தெரிஞ்சாலே ரேட் ஏறிடும். அரசாங்கம் 2013ல வச்ச மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், அந்த ரேட்டுக்கு இன்னைக்கு ஓட்ட கட்டுப்படியாகாதுன்னு டிரைவருங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ராபிடோ, நம்ம யாத்ரி மாதிரி ஆப்ல ரேட் பாத்துட்டு அதுக்கு பக்கத்துல பேசுங்க. ஆலந்தூர், கிண்டி மெட்ரோ வாசல்லேர்ந்து புக் பண்ணினா பேச்சே இல்லாம வருவாங்க.

பஸ்?

ஜிஎஸ்டி ரோட்டுல ஏர்போர்ட் ஸ்டாப் இருக்கு. 21ஜி பிராட்வே போகும், 70வி கோயம்பேடு போகும். ஊரை தெரிஞ்சவங்களுக்கு, பகல் நேரத்துல, கைவீசிட்டு வர்றவங்களுக்கு நல்ல வழி. சாதாரண கட்டண பஸ்ல பெண்களுக்கு 2021 மே மாசத்துலேர்ந்து இலவசம். எங்க தெருவுல பூ கட்டுற அக்கா, அவங்க தங்கச்சி பொண்ணை வழியனுப்ப வந்துட்டு இதுலதான் திரும்பி போனாங்க.

ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கு ஃப்ளைட் இறங்குது. என்ன பண்ண?

மெட்ரோ காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி பதினோரு மணியோட முடிஞ்சிடும். நடுவுல கேப் இல்லன்னா ப்ரீபெய்டு, வேற வழி இல்ல.

ஆனா கணக்கு ஒண்ணு போடுங்க. வளைகுடா, சிங்கப்பூர் ஃப்ளைட் நிறைய விடிகாலையிலதான் வரும். மூணரைக்கு ஃப்ளைட் இறங்கினா, இமிகிரேஷன் வரிசை, பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் தாண்டி வெளிய வர எப்படியும் நாலரை ஆயிடும். ஒரு காபி குடிச்சுட்டு வீட்டுக்கு ஒரு போன் பண்ணினா அஞ்சு. முதல் மெட்ரோ காலியா, ஜில்லுன்னு நிக்கும். ரெண்டு மணிக்கு வெளிய வர்றவங்களுக்கு இந்த கணக்கு உதவாது, அவங்க கேப் எடுத்துடுங்க, அந்த நேரத்துல ரோடு காலி, கத்திப்பாராவை ரெண்டே நிமிஷத்துல தாண்டிடுவீங்க.

அதே மாதிரி, ராத்திரி பத்தே முக்காலுக்கு வெளிய வர்றவங்க கடைசி மெட்ரோவை நம்பி ஆலந்தூர்ல மாறுற மாதிரி திட்டம் போடாதீங்க. நீல லைன் கிடைச்சு பச்சை லைன் முடிஞ்சிருந்தா நடு ஸ்டேஷன்ல நிக்க வேண்டி வரும்.

பொண்ணு தனியா ராத்திரி வர்றா. எதுல வரச் சொல்றது?

மெட்ரோ ஓடுற நேரமா இருந்தா யோசிக்காம மெட்ரோ, பெண்களுக்குன்னு தனி இடம் இருக்கு, ஸ்டேஷன்ல ஆளும் கேமராவும் இருக்கு. இறங்குற ஸ்டேஷனுக்கு வீட்டுலேர்ந்து யாராவது வந்து நிக்கட்டும். அதுக்கு மேல ஆனா ப்ரீபெய்டு டாக்ஸியோ ஆப் கேப்போ, ஏறினதும் ட்ரிப்பை வீட்டுக்கு ஷேர் பண்ணச் சொல்லுங்க, ஏறுறதுக்கு முன்னாடி நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்து அனுப்பட்டும், ஓடிபி சரியா இருந்தா மட்டும் ஏறட்டும். "ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க மேடம், நேரா காசு குடுங்க, கம்மியா வரும்"னு டிரைவர் சொன்னா எக்காரணம் கொண்டும் ஒத்துக்கக் கூடாது, கேன்சல் பண்ணின நிமிஷமே அந்த பயணம் யார் கணக்குலயும் இல்ல. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ரெண்டையும் போன்ல போட்டு வைக்கச் சொல்லுங்க.

எனக்கு சென்னையே வேண்டாம், நேரா ஊருக்கு போகணும். மதுரை, திருச்சி, நெல்லை பக்கம்.

அப்ப நகரத்துக்குள்ள போகவே போகாதீங்க! இதை தெரியாம எத்தனை பேர் ஏர்போர்ட்லேர்ந்து கோயம்பேடு போய், அங்க போனதுக்கப்புறம் பஸ் கிளாம்பாக்கத்துலேர்ந்துன்னு தெரிஞ்சு திரும்ப அதே ஜிஎஸ்டி ரோட்டுல ஏர்போர்ட்டை தாண்டி போயிருக்காங்க. தென் மாவட்ட பஸ் எல்லாம் 2023 டிசம்பர் கடைசியில திறந்த கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்துதான். ஏர்போர்ட்லேர்ந்து தெற்கே, தாம்பரம் வண்டலூர் தாண்டி. ஜிஎஸ்டி ரோட்டுலயே எம்டிசி பஸ் பிடிக்கலாம், பெட்டி இருந்தா கேப்.

ட்ரெயின்னா எக்மோர் போகாம தாம்பரத்துல ஏறுங்க, தெக்கத்தி வண்டி நிறைய அங்க நிக்கும். திரிசூலத்துலேர்ந்து லோக்கல்ல பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், நாலே ஸ்டாப். டிக்கெட் எடுக்கும்போதே போர்டிங் ஸ்டேஷனை தாம்பரம்னு போட்டுடுங்க. கோயம்புத்தூர், சேலம், பெங்களூர் பக்கம் போற வண்டின்னா சென்ட்ரல், அதுக்கு மெட்ரோ, ஸ்டேஷன் வாசல்லயே இறக்கிவிடும்.

ஃப்ளைட்டுக்கும் ட்ரெயினுக்கும் நடுவுல குறைஞ்சது மூணு மணி நேரம் விட்டு புக் பண்ணுங்க. ஃப்ளைட் லேட்டுன்னா ட்ரெயின்காரங்க நமக்காக நிக்க மாட்டாங்க.

யாழ்ப்பாணத்துலேர்ந்து சிகிச்சைக்கு வர்றோம். இந்திய சிம் இல்ல, ஆப் ஒண்ணும் வேலை செய்யாது.

பலாலியிலேர்ந்து நேரடி ஃப்ளைட் வந்ததுக்கப்புறம் இந்த கேள்வி கூடியிருக்கு. நோயாளி கூட வர்றாங்கன்னா மெட்ரோ, பஸ்னு யோசிக்காதீங்க, உள்ளயே கொஞ்சம் பணம் மாத்திட்டு ப்ரீபெய்டு கவுன்டருக்கு போங்க, போனே தேவையில்ல. நிறைய பெரிய ஆஸ்பத்திரியில வெளிநாட்டு நோயாளிகளுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு, அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்புவீங்களான்னு கேளுங்க. ஆஸ்பத்திரி பேர், தெரு பேர், பக்கத்துல உள்ள அடையாளம் மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி கையில வச்சுக்கோங்க, ஒரே பேர்ல ரெண்டு மூணு கிளை இருக்கும், பேரை மட்டும் சொன்னா வேற கிளையில கொண்டு போய் விட்டுடுவாங்க.

துணைக்கு வர்றவங்க அப்புறம் தனியா வெளிய போக வர மெட்ரோ நல்லா உதவும், கவுன்டர்ல காசு குடுத்தா டிக்கெட் தருவாங்க.

சொந்தக்காரங்க கார்ல வந்து கூட்டிட்டு போறேன்றாங்க. வரச் சொல்லலாமா?

வயசானவங்க, கைக்குழந்தை, நிறைய பெட்டின்னா வரட்டும். ஆனா நீங்க பெட்டி எடுத்து வெளிய வந்து போன் பண்ணின பிறகு உள்ள நுழையச் சொல்லுங்க. உள்ள வந்து நின்னா பார்க்கிங் காசு ஏறிட்டே போகும். தனி ஆளுக்கு யாரும் வர வேண்டாம், பக்கத்து மெட்ரோ ஸ்டேஷனுக்கு பைக்ல வந்து நிக்கச் சொல்லுங்க போதும்.

ரோட்டுல எங்க பாத்தாலும் தோண்டி போட்டிருக்காங்களாமே?

ஆமா, மெட்ரோ ரெண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டருக்கு வேலை நடக்குது. ஆற்காடு ரோடு, மயிலாப்பூர், அடையாறு, ஓஎம்ஆர்னு பல இடத்துல ஒருவழி, சுத்துவழி. மேப் காட்டுற நேரத்தோட சாயங்காலம் அரை மணி கூட்டிக்கோங்க.

மழைக்காலத்துல வர்றேன், டிசம்பர்ல. பயமா இருக்கு.

பயப்படலாம், தப்பில்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துல ரன்வேல தண்ணி ஏறி ஏர்போர்ட்டையே பல நாள் மூடினாங்க. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் அன்னைக்கும் மூடி மறுநாள்தான் திறந்தாங்க, பரங்கிமலை மெட்ரோ வாசல்ல தண்ணி நின்னு அங்க ஏற முடியாம ஆலந்தூருக்கு போகச் சொன்னாங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்லயும் மூடினாங்க. அதனால வடகிழக்கு பருவமழை நேரத்துல வர்றவங்க கிளம்புறதுக்கு முன்னாடி ஃப்ளைட் நிலவரத்தை பாத்துடுங்க.

மழையில இறங்கிட்டீங்கன்னா மெட்ரோதான் முதல் நம்பிக்கை, ஏர்போர்ட்லேர்ந்து சின்னமலை வரைக்கும் மேல ஓடுது, ரோட்டுத் தண்ணி தொடாது. கேப் ரேட் ரெண்டு மடங்கு ஆகும், வரவும் மாட்டாங்க. மாம்பலம் பக்கம் போறவங்க துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதை வழியா போகாதீங்க, நல்ல மழைன்னா முதல்ல நிரம்புறது அதுங்கதான். டிரைவர் "போயிடலாம் சார்"னு சொன்னாலும் வேண்டாம்னு சொல்லுங்க.

திரும்பி ஏர்போர்ட் போகும்போதும் இதே வழிதானா?

வழி அதேதான், ஆனா நிதானம் வேற. வரும்போது அரை மணி லேட்டானா வீட்டுல சாப்பாடு ஆறும், போகும்போது லேட்டானா ஃப்ளைட் போயிடும். சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஒன்பதுக்குள்ள கிளம்புறவங்க கிண்டி வரைக்கும் ஆட்டோல வந்து அங்கேர்ந்து மெட்ரோ ஏறிடுங்க, கார்ல வந்து கத்திப்பாராவுக்கு முன்னாடி மாட்டிக்கிட்டு கடிகாரத்தை பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டாம். விடிகாலை ஃப்ளைட்டுன்னா முந்தின நாள் ராத்திரியே கேப் புக் பண்ணி வைங்க, நாலு மணிக்கு வண்டி உறுதி ஆகலன்னா உடனே கூப்பிட உங்க தெரு ஆட்டோக்காரர் நம்பர் ஒண்ணு கையில இருக்கட்டும். டிக்கெட்ல டி1ஆ டி4ஆன்னு பாத்துட்டு கிளம்புங்க.